சேதுலட்சுமியின் ரத்தம்

பச்சை மூடி டியூபில் எடுக்கிற ரத்தத்தை ஐஸில் வைக்கக் கூடாது. குளிர்ந்தால் வெள்ளணுக்கள் கெட்டுவிடும். ராமநாதபுரத்து வெயிலிலும் வைக்கக் கூடாது. தெர்மோகோல் பெட்டியில் பஞ்சு வைத்து மூடி, சாயங்கால ரயிலில் ஏற்றிவிட்டால் மறுநாள் காலை சென்னையில் அணுக்கள் உயிரோடு இருக்கும். நான் அனுப்பியதும் அப்படித்தான் வந்து சேர்ந்தது, டாக்டர் ராமசுப்பிரமணியன். வழியில் எதுவும் கெடவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. இறந்துபோனவர்களின் கோப்புகளைச் சரிபார்த்தபோது, என் தம்பி தனுஷ்கோடிக்காக முதலில் நான் கொடுத்த ரத்தமும் பிறகு ஊரிலிருந்து அனுப்பிய ரத்தமும் ஒரே ஆளுடையதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறுதலாக டியூப் மாறியிருக்குமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். தவறுதலாக எதுவும் நடக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கமுதிக்குத் தெற்கே. மானாவாரி மிளகாய்தான் பிழைப்பு. அய்யா சீக்கிரம் போய்விட்டார். ஆத்தாவும் தம்பியும் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நான் ராமேஸ்வரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்துகொண்டே டெக்னீஷியன் படிப்பும் படித்தேன். 1997 மாசியில் ஊருக்கு போன் போட்டேன்.

"ஆத்தாவுக்கு என்னலே செய்யுது? போன தடவையே மெலிஞ்சிருந்துச்சு."

"ஒண்ணுமில்லக்கா, வயித்து வலிதான். கசாயம் வச்சுக் குடுத்துருக்கேன். மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம். நீ எதுக்கு அலையிற?"

நான் அலையவில்லை. பங்குனியில் பரீட்சை முடித்துவிட்டுப் போனேன். ஆத்தா வீட்டுக்குள் இல்லை. மிளகாய் மூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையில், ஒரு சாக்கின் மேல் கிடந்தாள். நான் கூட்டிவந்த டாக்டர் கர்ப்பப்பையில் புற்று என்றார். ஆறு மாதமாக ரத்தம் போயிருக்கிறது. ஒரு தடவைகூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. "வாடை தாங்கல, யாவாரிக வாரவுக மூஞ்சியச் சுளிக்கிறாக" என்றான் தம்பி. மிளகாய் நெடியில் அவள் இருமுவாள். இருமும் ஒவ்வொரு தடவையும் கீழே ரத்தம் கசியும். நான் போன மூன்றாம் நாள் செத்தாள். தூக்கும்போது ஒரு கூடைப் பருத்தி அளவுக்குத்தான் கனத்தாள்.

நான் தினமும் முன்பின் தெரியாத யாத்திரைக்காரர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தாய் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், சாக்கின் மேல் கிடந்தாள். இதை நான் யாரிடமும் சத்தம் போட்டுச் சொன்னதில்லை. தம்பியோடு சண்டை போட்டதும் இல்லை. அவன் கல்யாணத்தில் முன்னால் நின்று நாத்தனார் முறை எல்லாம் செய்தேன். உமையாள் நல்ல பெண். குழந்தை இல்லாத குறையைத் தவிர அவளுக்கு வேறு குறை இல்லை.

2008 சித்திரையில் தனுஷ்கோடிக்கு ரத்தப் புற்று என்று நீங்கள் சொன்னீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றீர்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். முதல் ரத்தத்தை உங்கள் நர்ஸ் எடுத்தார். அது என்னுடையதுதான். பாதிதான் பொருந்தியது.

பிறகு எங்களை உட்காரவைத்து, தாளில் படம் போட்டு விளக்கினீர்கள். உடம்பில் இயற்கைக் கொல்லி அணு என்று ஒன்று இருக்கிறது. அதன் மேற்பரப்பில் ஏற்பிப் புரதம் ஒன்று. ரிசப்டர் என்றீர்கள். அது எதிரே வரும் அணுவைத் தொட்டுப் பார்க்கும். தனக்குத் தெரிந்த அடையாளம் இருந்தால் விட்டுவிடும். இல்லையென்றால் கொன்றுவிடும். என் தம்பியின் அணுக்களில் அந்த அடையாளம் இல்லை. ஆகவே அந்த ரிசப்டர் எனக்கு இருந்தால், என்னுடைய கொல்லி அணுக்கள் அவனுடைய புற்றைப் பார்த்ததும் விடாது. பாதிப் பொருத்தமே போதும், துணிந்து இறங்கலாம் என்றீர்கள். இல்லையென்றால் இறங்குவதில் அர்த்தமில்லை என்றும் சொன்னீர்கள்.

"நீங்களே டெக்னீஷியன்தானே. ஊரிலிருந்தே எடுத்து அனுப்பிவிடுங்கள்" என்றீர்கள். என்னை நம்பினீர்கள். அதற்கு நன்றி.

ராமநாதபுரத்தில் இப்போது நான் வேலை பார்க்கும் லேபுக்குச் சேதுலட்சுமி என்று ஒரு அம்மா மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருவார். அன்றைக்கு அவரிடம் பச்சை டியூப் ஒன்று கூடுதலாக எடுத்தேன். "என்னம்மா இம்புட்டு ரத்தம்?" என்றார். புது டெஸ்ட், இலவசம் என்றேன். என் கையிலும் நானே குத்தி எடுத்தேன். அவர் டியூபில் முருகேஸ்வரி என்று என் பெயரை ஒட்டினேன். என் டியூபில் சேதுலட்சுமி என்று ஒட்டினேன். இரண்டையும் ஒரே பெட்டியில் அனுப்பினேன். சேதுலட்சுமி பெயரில் போனதற்கு எங்கள் லேப் வழியாகத் தனியாகப் பணம் கட்டினேன்.

அவருக்கும் அந்த ரிசப்டர் இருந்திருந்தால், நீங்கள் என்னைக் கூப்பிட்டிருப்பீர்கள். நானும் மறு பேச்சில்லாமல் வந்து படுத்து மஜ்ஜையைக் கொடுத்திருப்பேன். காளியாத்தா கையில் விட்டேன். அவள் பார்த்து எது செய்தாலும் சரி என்று இருந்தேன்.

எட்டாம் நாள் இரண்டு தாள்களும் வந்தன. முருகேஸ்வரிக்கு அந்த ரிசப்டர் இல்லை. சேதுலட்சுமிக்கு இருந்தது, தாராளமாக. சேதுலட்சுமி பெயரில் வந்த என் தாளை மடித்து பீரோவில் வைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆடி பிறந்ததும் தம்பியைப் பார்க்கப் போனேன். முடியெல்லாம் கொட்டியிருந்தது. உமையாள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஆத்தாதான் ஒனக்குச் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்குச்சு. ஒனக்குப் பரீட்சைன்னு பயந்துச்சு. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன்னுருச்சு. அது சொல்லுச்சுன்னு நான் கேட்டுருக்கக் கூடாது. கொட்டகையில போட்டது எம் புத்திதான்க்கா. அத நெனைக்காத நாளு இல்ல. என்னய மன்னிச்சுரு."

"அதெல்லாம் இப்ப எதுக்குலே? கஞ்சியக் குடி" என்றேன்.

சாகக் கிடக்கிறவன் கேட்பது மன்னிப்பு ஆகாது, டாக்டர். பதினோரு வருடம் கல்லுப்போல இருந்தவனுக்கு, தனக்கென்று வந்தபோதுதான் தாய் நினைவுக்கு வந்தாள். செத்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டால் சாட்சி சொல்ல அவள் எழுந்து வரமாட்டாள். ஆத்தா அப்படிச் சொல்லக்கூடியவள்தான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அவள் சொன்னாலும் இவன் மாட்டுவண்டியைப் பூட்டியிருக்க வேண்டாமா? கையைக் காலைக் கட்டியாவது தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

அதற்கடுத்த வாரம் நீங்கள் போன் செய்தீர்கள். நோய் இப்போது அடங்கியிருக்கிறது, ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது, எதற்கும் இன்னொரு முறை ரத்தம் அனுப்பிப் பார்க்கலாமா என்றீர்கள். நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "வேண்டாம் சார். பாவம், அவனுக்கு வீண் ஆசை காட்ட வேண்டாம்." உங்களைப் போன்ற அக்கா கிடைப்பது அபூர்வம் என்றீர்கள்.

புரட்டாசியில் புற்று திரும்பி வந்தது. ஐப்பசியில் தனுஷ்கோடி இறந்தான். கடைசி பதினெட்டு நாளும் அவனுக்கு மலம் மூத்திரம் எடுத்தது நான்தான். வீட்டுக்குள், காற்று வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில், கட்டிலில் வைத்துத்தான் பார்த்தேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டினேன். ராமேஸ்வரத்தில் அஸ்தியைக் கரைத்த அன்று, உமையாள் ஈரச் சேலையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒங்க ரத்தம் மட்டும் சேந்துருந்தா மதினி..." என்றாள்.

இதைப் போலீசுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பீரோவில் இருந்த அசல் தாளையும் இணைத்திருக்கிறேன்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஓர் இடத்தில் திருத்தம் இருக்கிறது. சேதுலட்சுமி முதல் ஆள் இல்லை. அவருக்கு முன்னால் சோலையம்மாள் என்ற கொத்து வேலைக்காரப் பெண், பிறகு ரம்ஜான் பீவி என்ற டீச்சர், இருவரின் ரத்தத்தையும் அவரவர் பெயரிலேயே அப்படிப் பணம் கட்டி அனுப்பிப் பார்த்தேன். இருவருக்கும் ரிசப்டர் இருந்தது. மூன்றாவதாக சேதுலட்சுமியின் ரத்தத்தை அனுப்பினேன். இல்லை என்று தாள் வந்தது. அதன் பிறகுதான் அவரை மறுபடி வரச்சொல்லி, அந்தப் பச்சை டியூபில் என் பெயரை ஒட்டினேன். மற்றபடி முடிவு காளியாத்தாளுடையது, டாக்டர். என்னுடையது அல்ல.