மண்ணூர்ச் சுவரில் இரண்டு வரி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், வக்கீல் சார். பரவாயில்லை, வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனுக்கு இதுவே பெரிது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். கார்முகில் செத்துப்போனதற்கு அவன் மனைவி ஞானம்மா சார்பில் நீங்கள் வழக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழாசிரியன். பள்ளி நேரம் போக மீதி ஆயுளெல்லாம் ஒரே வேலையில் கழிந்தது. பழைய பாட்டுகளில் சின்னச் சின்னத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். உலகத்தைச் சொல்ல வந்தால் ‘கடல்சூழ்’ என்பார்கள். அரசனைச் சொல்ல வந்தால் வெண்குடை, போர் என்றால் முரசம். ஒருவரையொருவர் பார்த்தே இராத புலவர்கள், பல தலைமுறை தள்ளிப் பிறந்தவர்கள், அதே இரண்டு மூன்று சொற்களை அதே வரிசையில் வைத்திருப்பார்கள். திருட்டு இல்லை அது. ஊர்க் குளத்தில் ஆளுக்கொரு குடம் மொண்டுகொள்வதைப் போல. எந்தத் தொடர் எங்கெங்கே வருகிறது என்று கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிச் சேர்த்தேன். இவற்றுக்குச் சொந்தக்காரன் என்று எவனும் கிடையாது என்பதுதான் நான் கண்ட முடிவு. கல்லூரிக்காரர்கள்கூட இதை இவ்வளவு பாடுபட்டுப் பார்த்ததில்லை.

கார்முகிலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. மண்ணூருக்குப் பக்கத்தில் இரும்பு வார்க்கிற கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, யூனியனில் செயலாளர், எங்கள் தமிழ் மன்றத்தில் கவிஞர். நல்ல குரல். அதை நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கவியரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வரி பிடித்துவிட்டால் கூட்டம் “மறுக்கா சொல்லு” என்று கேட்கும். கவிஞர் திரும்பச் சொல்வார். மூன்றாம் முறை கூட்டமே சேர்ந்து சொல்லும். அதற்குப் பிறகு அந்த வரி அவருடையது, அவ்வளவுதான். ‘கடல்சூழ் நிலம்’, ‘வெண்குடை’, ‘முரசம்’ எல்லாம் கார்முகிலுக்குச் சொந்தமானது இப்படித்தான். அவை எங்கிருந்து வந்தன என்று அவனுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. கைதட்டல் மட்டும் அவனுக்கு.

இந்தச் சித்திரையில் மன்றத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். என் உழைப்பை முதன்முதலாக ஊருக்கு முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தொடராக எடுத்து, இது இத்தனை பாட்டில் வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான், “இன்னா சார், எல்லாம் நம்ம கார்முகில் அண்ணன் லைனாவே கீது.” பந்தல் முழுக்கச் சிரித்தது. கார்முகில் எழுந்தான். ‘இல்லப்பா, இதெல்லாம் பழைய பாட்டு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். அவன் கைகூப்பிக்கொண்டு, “புலவர் ஐயா வாயால என் வரிங்கள கேக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்” என்றான்.

விளையாட்டாகச் சொன்னான் என்று பிறகு ஞானம்மா சொன்னாள். இருக்கலாம். எனக்கு அந்த மாதிரி விளையாட்டு பிடிக்காது. அன்று உடம்பெல்லாம் எரிந்தது, அதை ஒளிப்பானேன்.

அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துத் தலைவர் செத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யார் சூடாகத் தமிழ் பேசினாலும் போலீஸ் விசாரித்தது. மன்றத்துக்குப் பூட்டு விழுந்தது. இந்த நேரத்தில் ஆடிக் கிருத்திகை வந்தது. கம்பெனிக்கு லீவு. ஊரே காவடி எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போய்விட்டது. காவல்காரனும் சாமி பார்க்கப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் கம்பெனியின் தெற்குச் சுவரில் தாரால் இரண்டு வரி எழுதியிருந்தது.

கடல்சூழ் நிலத்தில் வெண்குடை சாயும்;
முரசம் கிழியும், மாடம் எரியும்.

கம்பெனியைக் கொளுத்தப்போகிறார்கள் என்று மேனேஜர் புரிந்துகொண்டார். போலீஸ் வேறு மாதிரி புரிந்துகொண்டது. இந்த ஆண்டில் குடை சாயும் என்றால் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? யார் எழுதியது என்று டீக்கடையில் கேட்டார்கள், கேட்டில் கேட்டார்கள். எல்லோரும் ஒரே பதில். இது கார்முகில் அண்ணன் லைன். வேடிக்கை என்னவென்றால் ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்கூடப் பெருமையாகத்தான் சொன்னார்கள். அவன் அன்று முந்தின ராத்திரி ஷிஃப்ட் முடித்து வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஞானம்மா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தூங்கியதற்குச் சாட்சி ஏது?

தமிழ் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் எனக்கு ஆள் அனுப்பினார். மரியாதையாகத்தான் நடத்தினார். வேறு யாராவது இப்படி எழுதுவார்களா என்று கேட்டார். “உயிரோடு இருக்கிறவர்களில், இப்படிச் சொல்லி நான் கேட்டது கார்முகில் ஒருவனைத்தான்” என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். மற்றப் புலவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள். நான் செய்தது ஒன்றுதான். ஊர் அவனுக்குக் கொடுத்ததை நானும் அவனுக்கே கொடுத்தேன். கைதட்டலை வாங்கிக்கொண்டவன் இதையும் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

அன்றைக்கே அவனை ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலைந்து நாள் கழித்து ஞானம்மா என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

“ஐயா, அன்னிக்கி மன்றத்துல நான் பொம்பளைங்க பக்கம் உக்காந்துகினு முழுசா கேட்டேன். இந்தச் சொல்லுங்கோ யாருக்கும் சொந்தமில்ல, எல்லாப் பாட்டுலயும் வருதுன்னு நீங்கதான சொன்னீங்க. அத ஒருவாட்டி ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க. அது போதும், அவர வுட்டுடுவாங்க.”

அவள் சொன்னது சரி. நான் போய்ச் சொல்லியிருந்தால் அவனை விட்டிருப்பார்கள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது, சார். அத்தனை பேர் சிரித்த பந்தலில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், கேட்டதைப் புரிந்துகொண்டும் இருக்கிறாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நான் சொன்ன உதாரணங்களில் எது நினைவிருக்கிறது என்று கேட்டேன். என்னை ஒருமாதிரி பார்த்தாள், ஆனாலும் சொன்னாள். மூன்றையும் பிசகில்லாமல் சொன்னாள். காபி போட்டுக் கொடுத்தேன், அவள் தொடவில்லை. பிறகு, இரண்டு நாளாகக் காய்ச்சல், எங்கும் வருவதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே கார்முகில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் செத்துப்போனான். நெஞ்சுவலி என்று எழுதினார்கள். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு நெஞ்சுவலி வந்ததா, வரவழைத்தார்களா என்பதை நீங்கள் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அவனை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. கேட்க மாட்டேன் என்கிறீர்கள், நானே சொல்கிறேன். சுவரில் எழுதியது நான்தான்.

ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் இருந்தது. தென்னை மட்டையை நசுக்கித் தூரிகை செய்துகொண்டேன். மஞ்சள் வேட்டியோடு காவடிக் கூட்டத்தில் போய், பாதியில் பிரிந்து, பனந்தோப்பு வழியாக வந்தேன். நல்ல பகல் வெளிச்சம். அதுவரை நான் அடுத்தவர்கள் எழுதியதைச் சேர்த்தவனே தவிர, சொந்தமாக ஒரு வரி எழுதியவன் இல்லை. அதனால் நிறைய யோசித்தேன். குடை முதலில், முரசு அடுத்து, மாடம் கடைசியில். அந்த வரிசை வேறு யாரிடமும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் ஒன்று சொன்னார். அந்த வரிகளைக் காட்டியபோது கார்முகில் இரண்டு முறை படித்துவிட்டு, “யார் சார் எழுதனது, நல்லா கீதே” என்றானாம். திமிரைப் பாருங்கள், நடிக்கிறான் என்று அவர் சொன்னார். அவன் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நல்ல வரியை அவன் காது கண்டுபிடித்துவிடும்.

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் போன மாதம் யூனியன்காரர்கள் ஊர்வலம் போனார்கள். பேனரில் என் இரண்டு வரி, கீழே ‘கார்முகில்’ என்று பெயர். கூட்டம் முழுக்க மறுக்கா சொல்லு, மறுக்கா சொல்லு என்கிறது. பள்ளிக்கூடத்தில் என் மாணவர்களே என்னிடம் வந்து அதை ஒப்பிக்கிறார்கள். வருகிற பொங்கலுக்குள் கம்பெனி கேட்டுக்கு எதிரே கல் நடப்போகிறார்களாம், அதில் அந்த வரிகளை வெட்டப்போகிறார்களாம். ஞானம்மாதான் திறந்துவைக்கிறாள். அவளுக்காவது உண்மை தெரியவேண்டாமா? படித்தால் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

என்னை வழக்கில் எத்தனையாவது எதிரியாகச் சேர்த்தாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். கல் வெட்டுகிறவனிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த வரிகள் கார்முகிலுக்குச் சொந்தமில்லை. கீழே புலவர் தாண்டவராயன் என்று இருக்கவேண்டும்.