இல்லாத மணல்

சின்னத் தூண்டில் ரீலுக்கு எண்ணெய் குறைவாகப் போடுவதுதான் நல்லது, மிட்சுயோ-சான். நிறையப் பேர் பிரியத்தில் ஊற்றிவிடுகிறார்கள். பெரிய ரீல் எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த ரகம் அப்படியில்லை. ஒரு சொட்டு கூடினால் கைப்பிடி கனக்கும், குறைந்தால் உரசும். ஆரஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் மரத்துப் பழம். நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன்.

என் பெண்டாட்டி ஹிசனோ இனிமேல் மீன்பிடிக்கப் போவதில்லை என்று சொல்லித் தன் ரீலை உங்களுக்குக் கொடுத்தாள். நீங்கள் அதை மட்சுயாமா நகரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் பிரித்துச் சரிசெய்து வாங்கியிருக்கிறீர்கள். இப்போது வெண்ணெயாகச் சுற்றுகிறது. அப்படியானால் அவள் கையில் என்னதான் கோளாறு என்று கேட்கிறீர்கள். ஒரு கோளாறும் இல்லை. இந்தத் துறைமுகத்தில் அதைவிட நல்ல கை கிடையாது.

அது உங்களுக்கே தெரியும். மெபாரு மீன் இரையைக் கவ்வி இழுக்காது, மூச்சுவிடுவதுபோல உறிஞ்சும். அரிசிமணி கனம்கூட இல்லாத போலி இரையை மயிரிழைத் தூண்டில் நரம்பில் கட்டிப் போட்டுவிட்டு, ரீல் சுற்றும் விரலில் ஒரு கனம் மாறுவதை வைத்தே "வந்துட்டான்" என்பாள். சொன்னால் வந்திருப்பான். அலைத்தடுப்புச் சுவரில் நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறீர்கள். நான் பார்த்ததில்லை. அலையைக் கண்டாலே எனக்குக் குமட்டும். ஊரெல்லாம் கடலுக்குப் போக ரீல் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தனியாக மிசோ சூப்பைச் சுடவைத்துக் குடிக்கிறவன் நான். அவள் வரும்போது சிரிப்பெல்லாம் கடலில் செலவாகியிருக்கும். மீனைக் கழுவுவாள், படுத்துவிடுவாள். குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

சுவருக்கு வெளியே கிடக்கும் அந்த நான்குகால் சிமெண்டுக் கட்டைகளில் வழுக்கி அவள் விலா எலும்பு விரிசல் விட்டதே, நீங்கள்தானே தூக்கிவந்தீர்கள். அன்று கெஞ்சினேன்.

"போதும் ஹிசனோ. வயசாயிடுச்சு. இனி அந்தக் கட்டைமேல ஏறாத."

"அட போங்க டாக்டரே. நீங்க ரீலைப் பாருங்க, கடலை நான் பாத்துக்கறேன்."

ரீல் பழுது பார்ப்பதால் என்னை டாக்டர் என்று கேலி செய்வாள். நான் அவள் சொல்லைத் தட்டாதவன். ரீலைப் பார்த்தேன்.

அவள் ரீலில் முதலில் கிரீஸை மட்டும்தான் மாற்றினேன். பெரிய ரீலுக்குப் போடும் கெட்டி கிரீஸ், பல்சக்கரத்தில் கொஞ்சம். பிறகு அதன் அடியிலிருக்கும் காகிதம் போன்ற வாஷரை எடுத்துவிட்டு, மயிரளவு தடித்த ஒன்றை வைத்தேன். பிறகு நரம்பு ஓடும் உருளையில், உப்பு பூத்துப்போன பழைய பேரிங் ஒன்று. எல்லாம் மெல்ல மெல்ல, ஒரு பருவத்துக்கு ஒன்றாக. ஒரே நாளில் செய்திருந்தால் ரீல் கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்திருப்பாள்.

ரீலுக்குள் மணல்போல உறுத்தினால் நம் ஆட்கள் 'ஷாரி' என்பார்களே. அவள் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஏங்க, இதுல ஷாரி இருக்கா பாருங்க. விரல்ல என்னவோ உறுத்துது."

வாங்கிக் கண்ணை மூடிச் சுற்றினேன். நன்றாகவே உறுத்தியது.

"இல்லையே," என்றேன்.

"நல்லா பாருங்க."

"ஹிசனோ, எத்தனை வருஷமா இந்த வேலை செய்யறேன்? இல்ல."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பட்டறையில் நான் சொன்னால் சொன்னதுதான் என்பது இந்த ஊர் வழக்கம். அதை ஊர்தான் எனக்குக் கொடுத்தது, நான் கேட்டு வாங்கவில்லை.

அவள் முட்டாள் இல்லை. உங்கள் ரீலை ஒருநாள் இரவல் வாங்கிச் சுற்றிப் பார்த்தாள், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின வாரம்தான் நீங்கள் அதை என்னிடம் சுத்தம் செய்ய விட்டிருந்தீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க உங்கள் ரீல் கனத்தது. குளிரில் எண்ணெய் உறைகிறது என்று நினைத்துக்கொண்டீர்கள். அதிலும் கைவைத்தவன் நான்தான், மன்னியுங்கள். வசந்தத்தில் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன் இல்லையா.

உங்கள் ரீலைச் சுற்றிப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிட்சுயோ ரீல்லயும் உறுத்துதுங்க. அப்போ எனக்குத்தான்."

"என்ன உனக்குத்தான்?"

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் தொடங்கிச்சு. களைஞ்ச அரிசியில மணல் இருக்கு மணல் இருக்குன்னு பொறுக்கிக்கிட்டே இருப்பாங்க. ஒண்ணும் இருக்காது. விரல் நரம்புதான் செத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசியில கரண்டி பிடிக்க முடியல, பேச முடியல..."

இது எனக்குத் தெரியாது. அவள் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். எப்படிப் போனார் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம், ரீலில்தான் மணல் என்று. வாயைத் திறந்தேன். அவள் என் தோளில் சாய்ந்தாள். கடைசியாக எப்போது சாய்ந்தாள் என்று எனக்கு நினைவே இல்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றார்கள். "அம்மாவுக்கும் முதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க" என்றாள். பிறகு மீன் நறுக்குவதை நிறுத்தினாள். வண்டி ஓட்டுவதை நிறுத்தினாள். ஒருநாள் ரீலைத் துணியில் பொதிந்து உங்களிடம் கொடுத்துவிட்டு வந்து, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்று நான் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துளை இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதேன். என் பெண்டாட்டியின் கையை நானே வெட்டிப் போட்டதுபோல இருந்தது. நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது அரிசி களைய உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஒவ்வொரு மணியாகத் தடவிப் பார்க்கிறாள். உள்ளங்கையை நீட்டி, "இதுல மணல் இருக்கா பாருங்க" என்கிறாள். நான் பார்க்கிறேன். இருப்பதில்லை. "இல்ல" என்கிறேன். இது மெய். ஆனால் அன்றைக்குச் சொன்ன அதே குரல்தான் வருகிறது. அவளும் அன்றைக்குப் போலவே தலையாட்டிவிட்டு, தன் விரல்களைப் பார்த்துக்கொள்கிறாள். சில நாள் கரண்டி நழுவுகிறது. மெய்யாகவே நழுவுகிறது, மிட்சுயோ-சான். அதை நான் செய்யவில்லை.

ரீலை எடுத்துக்கொண்டு மாடிக்கு அவளிடம் போகிறேன் என்கிறீர்கள். அவள் கையில் கொடுத்து, சுற்றிப் பார் என்று சொல்லப்போகிறீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். கோபப்படுங்கள், திட்டுங்கள், ஊரெல்லாம் சொல்லுங்கள், நான் இந்தக் கடையை மூடிவிடுகிறேன். எல்லாவற்றையும் செய்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் நாங்கள் கோயில் படிவரை நடக்கிறோம். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். விட்டால் விழுந்துவிடுவேன் என்கிறாள். இந்த நிலைமையில் போய்ச் சொன்னால் அவள் மனசு தாங்காது.

அவளுக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும். நானே சொல்லிவிடுகிறேன்.