சல்லடைப் பேராசிரியர் மேல் எனக்கிருந்த பொறாமை

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியரின் கணவர் அவர்களே, மகளே, அழுது கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

சலித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர் என்பதால் நாம் எல்லாரும் சல்லடைப் பேராசிரியர் என்று அழைத்த அந்த மாமனுஷியை, இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். நானும் புகழத்தான் வந்திருக்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடு புகழ்வேன். பக்கத்து மேசையில் உட்கார்ந்து பொறாமைப்பட்டே காலம் கழித்தவளுக்கு அந்த உரிமை கிடையாதா?

நாங்கள் இருவரும் ஒரே நாளில் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். இரத்தப் பரிசோதனைத் தரவுகளைக் கணினியில் போட்டு, நோயை முன்கூட்டியே சொல்லும் நிரல் எழுதுவதுதான் இருவருக்கும் வேலை. நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்தது. யாருக்குக் கிடைத்தது? அவருக்கு. தனி அறை ஒன்று காலியானது. யாருக்குக் கிடைத்தது? அவருக்கு, அதுவும் ஜன்னலோடு! நல்ல மாணவர்கள் எல்லாம் யாரிடம் போனார்கள்? சிரிக்காதீர்கள், நீங்கள்தான் போனீர்கள்.

ஒருமுறை அவருடைய நிரல் கணையப் புற்றுநோயை ஏறக்குறையப் பிழையே இல்லாமல் கண்டுபிடித்தது. ஆய்வகமே கொண்டாடியது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவரோ, இவ்வளவு நன்றாக வரக் கூடாதே என்று முணுமுணுத்துக்கொண்டு, இரத்தக் குழாய்களைச் சேமித்து வைக்கும் அறைக்குப் போனார். அங்கே என்ன கண்டார்? நோயாளிகளின் இரத்தம் பழைய குளிர்பெட்டியில், நலமானவர்களின் இரத்தம் புதிய பெட்டியில். பழைய பெட்டியில் குளிர் போதாமல் இரத்தம் சற்றே மாறியிருந்தது. அவருடைய நிரல் அடையாளம் கண்டது நோயை அல்ல, குளிர்பெட்டியை! எண்களை மட்டுமே பார்த்துப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இப்படி ஒரு தவறு வாய்க்கும்.

அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். தொலைந்தாள் என்று நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். நடந்தது என்ன? அந்த நேர்மைக்காகவே அவரைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள். தவறு செய்தும் உயர்ந்த ஒருவரை என்னதான் செய்வது, சொல்லுங்கள்!

இரத்த மாதிரிகளைப் புதிதாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, ஆய்வை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முடிவு வந்த வேளையில் அவரே படுக்கையில் விழுந்தார். என்னை மருத்துவமனைக்கு வரச் சொன்னார். ஆய்வு முழுவதையும் சரிபார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுக்கும்படி இயக்குநரிடம் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். நான் சரி என்ற பிறகுதான் அது நோயாளிகளிடம் போகும். உன் மாணவர்கள் இருக்கும்போது நான் எதற்கு என்று கேட்டேன்.

"அவங்களுக்கு என் மேல பாசம். நான் செஞ்சதுன்னா கண்ண மூடிக்கிட்டு சரின்னுடுவாங்க. நீ அப்படியா? என் தப்பு ஒண்ணாவது கிடைக்காதான்னு இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்க. உன்னை விட்டா வேற யாரு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என்னை இவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தாளே என்று அதிலும் பொறாமை வந்தது.

சபையோரே! அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். ஒவ்வொரு இரத்த மாதிரியாக, நிரலின் ஒவ்வொரு வரியாகப் பார்த்து வருகிறேன். அவர் படத்துக்கு முன்னால் நின்று உறுதி சொல்கிறேன். அவருக்காக ஓர் எண்ணைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். தவறு இருந்தால் ஊரறியச் சொல்வேன். அவர் தவற வேண்டும் என்று காலமெல்லாம் ஆசைப்பட்டவள் நான். இப்போது ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும்போதும், எதுவும் கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.