படத்தில் இல்லாத வசனம்

மார்ச் 19, செவ்வாய்.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் படம் நூற்று முப்பது நிமிடம் ஓடியது என்று எழுதியிருக்கிறேன். தவறு. நூற்று இருபத்து நான்கு. இப்படிச் சில்லறைத் தவறுகள் என்னிடம் அதிகம். அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

நல்ல படம். ஒரு சிறைக்குள் நடக்கும் கதை. பூச்சு எதுவும் கிடையாது. கட்டாயம் பார்க்கலாம். மாலை வகுப்பில் நான் படிக்கும் அந்நிய மொழியில் எடுத்தது; ஆசிரியை கொடுத்தார். நான் சிறை அலுவலகத்தில் எழுத்தர். கைதிகளுக்குப் படத்தைப் போடலாம், வசனத்தை மைக்கில் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்று கண்காணிப்பாளரிடம் கேட்டது நான்தான். மொழிபெயர்ப்பாளர் பணிக்கு என்னை அவர்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் முன்னால் ஒத்திகை பார்த்தோம். கடிகாரக்காரரும் இருந்தார். அந்த மொழி பேசும் நாட்டில் இருபது வருடம் கடிகாரம் பழுது பார்த்தவர். ஒரே மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இங்கே கைதி. ஆறு மாதமாகப் புதன்தோறும் அலுவலகத்துக்கு வந்து, டீ குடித்தபடி என் வீட்டுப்பாடத்தைத் திருத்துவார். எதற்கு வருகிறார் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன். கைதியிடம் பாடம் படிப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அவரும் மூச்சு விடவில்லை.

ஒத்திகையில் பதினோரு பிழை கண்டுபிடித்தார்.

"சார், அவன் கழுத்தை அறுத்துடுவேன்னு மிரட்டறான். நம்ம தம்பி முடியை வெட்டறேன்னு சலூன் தொறந்துட்டாரு."

கண்காணிப்பாளர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடுத்த படத்துக்கு மைக்கை நீயே பிடிச்சுக்கப்பா," என்று அவரிடம் சொன்னார். நானும் சிரித்தேன். பதினொன்றையும் குறித்துக்கொண்டேன்.

போன மாதம் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் மூன்று பேரிடம் கைபேசிகள் பிடிபட்டன. காவலர் ஒருவர் தற்செயலாகப் பார்த்தது அது. அந்த மூவரும் அதை நம்பவில்லை. போட்டுக் கொடுத்தவன் யார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு மதியம் கூடம் நிறைந்திருந்தது. எண்பத்தோராவது நிமிடத்தில், திரையில் ஒரு கிழட்டுக் கைதி, "குளுருது, இன்னொரு கம்பளி குடு" என்கிறான். மைக்கில் நான் சொன்னது: "வாராவாரம் ஆபீசுக்குப் போய் டீ குடிச்சுட்டு வர்றானே, அவன்தான் போட்டுக் குடுக்கறவன்."

அந்தக் கூடத்தில் இருநூறு பேர். கம்பளி என்று புரிந்தது கடிகாரக்காரர் ஒருவருக்குத்தான். அவர் திரையை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். பிழை கண்டால் புருவத்தைத் தூக்குவார், அன்று தூக்கவில்லை. பிறகு கூடத்தில் மற்ற தலைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவரைப் பார்த்து.

படம் முடிந்ததும் அலுவலக வாசலில் வந்து நின்றார். என்னைத் தம்பி என்பதுதான் வழக்கம்.

"சார், நாளைக்கு என் முறை சலவைக்கூடத்துல. வேற எங்கயாவது போடுங்க. கக்கூஸ் கழுவறதா இருந்தாலும் சரி."

"லிஸ்ட் அடிச்சாச்சே," என்றேன்.

"அந்த வசனத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் வாயைத் தொறக்க மாட்டேன் சார். என் பொண்ணு மேல சத்தியம்."

"போய்ப் படுங்க. ஒண்ணும் ஆகாது."

ஒரு வாரம் யாரும் அவரோடு பேசாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இப்படி எழுதிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. பட்டியல் அப்போது அடிக்கப்படவே இல்லை. அவர் போன பிறகுதான் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சொருகினேன். சலவைக்கூடத்துக்கு நான்கு இடம். மூவரின் எண்கள் முதலில், அவருடையது கடைசியில். எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.

திங்கள் காலை பத்தே காலுக்கு துணி ஊறவைக்கும் தொட்டியிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். கண்காணிப்பாளரின் அறிக்கையில் வழுக்கி விழுந்தார் என்று இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான், பிழை இல்லை.

இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் எழுதி முடித்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. எதிர் நாற்காலியில் டீ உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாளை புதன். அவர் மகளுக்கு இரங்கல் கடிதம் எழுத வேண்டும். அவளுக்கு நம் மொழி படிக்க வராது என்பதால் கண்காணிப்பாளர் அதை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நன்றாக வந்தால் அதன் நகலை என் சிபாரிசோடு சேர்த்து அனுப்புவாராம். தபால் பதினொரு மணிக்குப் போகும். அதற்குள் யாரிடமாவது காட்டிப் பிழை திருத்த வேண்டும்.