ஒரு கால் கூட்டிடு

...இல்லக்கா, நீங்களே சொல்லுங்க, மேசைக்கு யாராவது அஞ்சு கால் வைப்பாங்களா? எஞ்சினியரிங் படிக்கிற அஞ்சு பேரு நாலு மாசமா உயிரக் குடுத்து செஞ்ச மேசைக்கா! சக்கர நாற்காலில வர்றவங்க அப்படியே உள்ள வந்து உக்காந்து எழுதற மாதிரி. இன்னிக்கு போட்டி, இன்னிக்குப் பாத்தா நட்ட நடுவுல ஒரு கால்! நாற்காலி எப்படி உள்ள போகும்? முட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

டீம்ல எனக்கு என்ன வேலைங்கறீங்க? தகவல் தொடர்பு. ஆமா! யாருக்கு என்ன சொல்லணுமோ, நான்தான் சொல்லணும். படம் வரையறவ, உயரம் கால் இன்ச் பத்தலைன்னு சொன்னா. உடனே வெல்டிங் பண்றவனுக்கு மெசேஜ் தட்டிட்டேன், 'ஒரு கால் கூட்டிடு'ன்னு. இதுல என்னக்கா புரியல? அவன் சரியான ஊமைக்கோட்டான்... நாங்க வச்ச பேரே அதுதான். நெஜமாவே ஒரு காலக் கூட்டி வச்சிருக்கான்!

என்னக்கா? இருங்க இருங்க, இத முடிச்சிடறேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டானாம். போன் பண்ணானாம். பண்ணான்தான், இல்லேங்கல. 'எங்க வைக்க'ன்னு என்னமோ ஆரம்பிச்சான். நான் பஸ்ல பக்கத்து சீட்டு அம்மாகிட்ட இந்த மேசையப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தேன், பாதில விட முடியுமா? 'உனக்குத் தெரியாததா, வச்சிடு'ன்னு கட் பண்ணிட்டேன். அது ஒரு குத்தமா?

இப்ப நாலு பேரும் பின்னாடி ஷெட்ல அந்தக் கால அறுத்துட்டிருக்காங்க. என்னைய மட்டும் வாசல்ல உக்கார வச்சிட்டாங்க. 'நீ ஒண்ணும் பண்ண வேணாம் தாயே, நம்ம நம்பரக் கூப்பிட்டா ஓடி வந்து சொல்லு, அது போதும்'னு. கூப்பிட்டதும் போகலைன்னா பேர அடிச்சிட்டு அடுத்த டீமை எடுத்துக்குவாங்களாம். எவ்ளோ சின்ன வேலை பாருங்க! மனசே விட்டுப் போச்சுக்கா... யாருமே என் பேச்சக் காது குடுத்து கேக்கறதில்ல. நீங்கதான் பாவம், வந்ததுலேர்ந்து பொறுமையா...

ஆமா, என்னக்கா கழுத்துல அட்டை? இங்கதான் வேலையா? ...யாரு, பதினாலா? நாங்கதான் பதினாலு! மூணு தடவை சொன்னீங்களா? எப்ப? நான் பேசிட்டிருக்கும்போதா?

ஐயோ, எங்க பேர் மேல கோடு போட்டுட்டீங்களா? அக்கா... போகாதீங்கக்கா, ஒரு நிமிஷம்... இத நான் எந்த வாயால அவங்ககிட்ட சொல்லுவேன்? நீங்களே வந்து சொல்லிடறீங்களா?