மகிலியோவ் நகரக் குழந்தைகளின் கண்களைக் காத்த யானினா கசிமீரவ்னாவுக்கு

விழி காக்கும் செவிலியே! வெள்ளை அங்கிக்குள் வீரத்தை மடித்து வைத்திருந்தவரே! கண்ணாடி அணிந்த குழந்தைக்கும் அணியாத குழந்தைக்கும் ஒரே கனிவைக் காட்டிய எங்கள் யானினா கசிமீரவ்னா அவர்களே!

எங்கள் குழந்தைகள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பதினேழாம் எண் கண் பயிற்சி அறையில், முப்பத்துநான்கு ஆண்டுகள் அயராது உழைத்து இன்று விடைபெறும் உங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் உவகையோடும் உரிமையோடும் படித்தளிக்கும் மடல் இது. எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். உங்கள் எதிர்மேசையில் பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்தவள், உங்கள் தேநீரில் பாதியைக் குடித்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. புகழ்ந்தால் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் சட்டென்று எழுந்து போக வழியில்லாதபடி, உங்களை நடு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம்.

அன்புக்கு அரசியே! நம் அறைக்கு வரும் தாய்மார்களில் பாதிப் பேர் கணினியைப் பார்த்ததுமே சண்டைக்கு வருவார்கள். "கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்துத்தான் இவன் கண்ணு கெட்டுச்சு. வைத்தியமும் அதுலயேவா? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!" என்பார்கள். நீங்கள் குரலை உயர்த்தியதே இல்லை. "விரலை அறுக்கறதும் கத்திதான், ஆபரேஷன் பண்றதும் கத்திதான். யார் கையில இருக்குன்னு பாருங்க," என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான கண்ணாடியை மாட்டிவிடுவீர்கள். திரையில் முள்ளம்பன்றி ஒன்று குழந்தையை நோக்கி ஓடிவரும். பிறகு புள்ளியாய்ச் சுருங்கித் தொலைவுக்கு ஓடும். ஒரு நாளைக்குக் கால்மணி நேரம், பத்து நாள். அருகிலேயே பார்த்து இறுகிப்போன கண் தசை மெல்ல மெல்லத் தளரும்.

ஆனால் பொய் நம்பிக்கை எதையும் நீங்கள் விற்றதில்லை. "இறுகின தசையைத் தளர்த்த எனக்குத் தெரியும். கண்ணே நீளமா வளந்திருந்தா, இந்த முள்ளம்பன்றி அதைச் சுருக்காது. அதுக்குக் கண்ணாடிதான்," என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவீர்கள். 'கண்ணாடிக்கு விடை கொடுங்கள்' என்று நம் தலைமை மருத்துவர் வலேரி இக்னாத்தவிச் அச்சடித்து வைத்த அறிவிப்பில், அந்த வரியைப் பேனாவால் ஒவ்வொரு தாளிலும் அடித்தவர் நீங்கள். அவரும் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை.

அஞ்சாமைக்கு அணிகலனே! இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தை எப்படி மறப்போம்? இந்த அறையால் பயனில்லை, மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. நேரில் பார்த்து முடிவு செய்ய தலைநகர் மின்ஸ்க்கிலிருந்து ஐவர் குழு வந்தது. பேராசிரியர் ரெகீனா அடாமவ்னா அதற்குத் தலைவர். அறையை எப்படியாவது காப்பாற்றத் துடித்த வலேரி இக்னாத்தவிச், குழுவுக்குக் காட்ட ஒன்பது வயது ஸ்தெஃபாவைத் தேர்ந்தெடுத்தார். துள்ளுமேடையில் குதித்துப் பழகும் சுட்டிப் பெண். பயிற்சிக்கு வரும்போது எழுத்துப் பலகையின் நடுவரியில் திணறியவள், இரண்டு சுற்றுப் பயிற்சிக்குப் பின் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தாள்.

திரைச்சீலைகளை இழுத்து மூடினோம். விளக்குப் பெட்டிக்குள் பலகை ஒளிர்ந்தது. ஐந்து மீட்டர் தள்ளி, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு ஸ்தெஃபா நின்றாள். உங்கள் கையில் எழுத்தைச் சுட்டும் கோல். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. அப்போது பெட்டிக்குள் இருந்த விளக்கு பட்டென்று அணைந்தது. பலகை இருண்டது. ஆனால் ஸ்தெஃபா நிற்கவில்லை! பழகிய வேகத்தில் நான்காம் வரி, ஐந்தாம் வரி என்று இறங்கிக் கடைசி எழுத்துவரை சொல்லி முடித்து, போட்டியில் வணங்குவதுபோல் தலை தாழ்த்தி வணங்கினாள்.

"பிரமாதம் கண்ணு! இருட்டுலயே படிக்கிறியே!" என்றார் பேராசிரியர். குழுவில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"குழந்தைக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி ஜாஸ்தி..." என்று நம் தலைமை மருத்துவர் இழுத்தார்.

குழுவை நீங்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே ஸ்தெஃபாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தீர்கள். அவள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல அத்தை. வரிசையில நிக்கும்போது மத்தவங்க படிக்கறதக் கேட்டுக் கேட்டு வந்துடுச்சு. கண்ணாடி போட்டா கோச் என்னைக் குதிக்க விடமாட்டாரு."

"அழாத. இத்தனை எழுத்தையும் மனப்பாடம் பண்ணதுக்கு உனக்கு நூறு மார்க். தப்பு உன்னுது இல்ல. பத்தொம்பது வருஷமா ஒரே பலகைய மாட்டி வெச்சிருக்கேன் பாரு, தப்பு என்னுது."

பிறகுதான் எழுந்து பேராசிரியர் பக்கம் திரும்பினீர்கள். "இந்தப் பொண்ணோட முடிவை அடிச்சிடுங்க. இருபத்துநாலு புள்ளைங்களை நீங்களே பொறுக்குங்க. நான் பாத்துட்டு, யாருக்குப் பயிற்சியில தெளியும், யாருக்குக் கண்ணாடி வேணும்னு எழுதி, உறைய ஒட்டி உங்க கையில குடுத்துடறேன். எல்லாருக்கும் பத்து நாள் பயிற்சி குடுக்கறேன். அது முடிஞ்சதும் உங்க பலகை, உங்க சொட்டு மருந்து, உங்க டாக்டரோட வாங்க."

"துணிச்சல்தாம்மா உனக்கு. ஒண்ணு தப்பினாலும் அறைய மூடிடுவேன், தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் உறைய ஒட்டித் தரேன்னு சொன்னேன்."

அந்தப் பத்து நாள்களுக்குள் நீங்கள் செய்த இன்னொன்றையும் இந்த அவை அறிய வேண்டும். ஸ்தெஃபாவின் கண்ணில் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில், அவளுடையது உண்மையான கிட்டப்பார்வைதான், சிறிதளவு, என்று தெரிந்தது. அவளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு விளையாட்டுக் கூடத்துக்கே போனீர்கள். "கண்ணாடி உடைஞ்சா யார் பொறுப்பு?" என்று பயிற்சியாளர் மறித்தார். "உடையாத கண்ணாடி இருக்கு. தலைக்குப் பின்னால கட்ட நாடா இருக்கு. வேற ஏதாவது சாக்கு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் டிராலிபஸ்ஸைப் பிடிக்கணும்," என்றீர்கள். அவர் வழிவிட்டார். அடுத்த வசந்தத்தில் மாவட்டப் போட்டியில் ஸ்தெஃபா வெள்ளி வென்றாள், கண்ணாடியோடு.

எட்டாம் நாள் வந்தது. கண்ணாடிதான் தேவை என்று நீங்கள் எழுதியிருந்த ஒரு சிறுவனின் பார்வை மளமளவென்று தெளிந்துவிட்டது. உங்கள் கணிப்பு தவறு. "நல்லதுக்குத்தானே தப்பாச்சு! பயிற்சியோட பெருமைன்னு சொல்லிக்கலாம், பேசாம இருங்க," என்று வலேரி இக்னாத்தவிச் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் தொலைபேசியை எடுத்து மின்ஸ்க்கைக் கூப்பிட்டீர்கள். "ரெகீனா அடாமவ்னா, ஒரு புள்ளை விஷயத்துல நான் தப்பா எழுதிட்டேன். உறையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்." மறுமுனையில் பட்டென்று வைத்துவிட்டார். அன்று மாலையே அறையின் சாமான்களைப் பட்டியலிடத் தொடங்கினோம்.

குழு வந்தது. புதிய பலகை, புதிய மருந்து, புதிய மருத்துவர். காலை முழுவதும் சோதித்தார்கள். உறையைப் பிரித்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார்கள். இருபத்துநான்கில் இருபத்துமூன்று சரி. தவறிய ஒன்று, நீங்களே சொன்ன ஒன்று.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு தப்பினாலும் மூடிடுவேன்னு சொன்னேன். ஆனா தன் தப்பைத் தானே போன் பண்ணிச் சொன்ன அறைய மூடிட்டேன்னா, அப்புறம் இந்த நாட்டுல எந்த அறைய நான் நம்பறது?" என்றார்.

வாய்மையால் வென்றவரே! அந்த வார்த்தைகளைக் கேட்டு வலேரி இக்னாத்தவிச் உங்களைத் தூக்கிச் சுற்றினாரே, உங்கள் ஒரு செருப்பு மருந்து அலமாரிக்கு அடியில் போய் விழுந்ததே! அந்த அறை மூடப்படவில்லை. அடுத்த ஆண்டிலேயே நம் மாவட்டத்தில் மேலும் நான்கு பயிற்சி அறைகள் பிறந்தன; நான்கிலும் உங்களிடம் பழகிய செவிலியரே பணிபுரிகிறார்கள். நால்வரும் இன்று விடுப்பெடுத்து வந்து பின்வரிசையில் நிற்கிறார்கள்.

பெருமைக்குரியவரே! உங்கள் முழங்கால் வலி தீரட்டும். காளான் பருவம்தோறும் உங்கள் கூடை நிரம்பட்டும். தோட்டத்து ஆப்பிள் மரங்கள் நீங்கள் திட்டத் திட்டக் காய்க்கட்டும். நூறாண்டும் அதற்கு மேலும் நோயின்றி, நிறைவோடு வாழுங்கள்!

இந்த மடல் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டப் போகிறோம். "போதும், போதும், வெளியில புள்ளைங்க காத்துட்டிருக்காங்க," என்று எழப் பார்ப்பீர்கள். இன்று வெளியே யாரும் காத்திருக்கவில்லை, கசிமீரவ்னா. உட்கார்ந்து முழுவதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்பில் நனையும்,
எதிர்மேசை ஹலீனாவும்
மருத்துவமனைப் பணியாளர் அனைவரும்
மகிலியோவ்