அப்பா பெயரில் நான் போட்ட கையெழுத்து

பெயர் வீரமணி, வயது 25, தந்தை பெயர் முனிராஜ், தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம், புளியங்கரை கிராமம், மாரியம்மன் கோயில் தெரு. டிப்ளமோ சிவில் படித்திருக்கிறேன். வேலை கிடைக்காததால் அப்பாவோடு சேர்ந்து நான்கு ஏக்கரில் தக்காளி பயிர் செய்து பாலக்கோடு மார்க்கெட்டில் போட்டு வருகிறேன். மார்ச் 23ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் முன்பு, ஏட்டு எழுத எழுத, கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

என் அப்பா கொடுத்திருக்கும் புகாரில், எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த ராஜப்பன், லூர்துமேரி தம்பதியின் மகன் மாதேஷ் என்பவன் என் மனதைக் கெடுத்து என்னை நேபாளத்துக்கு அழைத்துப் போனதாகவும், அப்பா பெயரில் உள்ள புல்லட் வண்டியைத் திருடியதாகவும், அவருடைய கையெழுத்தைப் பொய்யாகப் போட்டுக் கடிதம் தயாரித்ததாகவும் சொல்லப்பட்டிருப்பதை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார். மூன்றும் பொய். கையெழுத்தைப் போட்டது நான்.

மாதேஷும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து பாலிடெக்னிக் வரை ஒரே பெஞ்சு. சென்ற ஜனவரியில் அவன் அரசுத் தேர்வில் தேறி நில அளவர் வேலைக்குத் தேர்வானான். எங்கள் ஊர்க் காலனியில் முதல் அரசாங்க வேலை அது. நன்னடத்தை விசாரணைக்கான தாள் இதே நிலையத்துக்கு வந்து மேஜை மேல் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். அவன் மேல் ஒரு வழக்குப் பதிவானால் அந்த வேலை போய்விடும் என்பது என் அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் இதை வரிசையாகச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்துவிட்டால் மாதேஷுக்கு லீவு கிடைக்காது என்று, அதற்கு முன்னால் வண்டியிலேயே நேபாளம் போய்வருவது என்று பிப்ரவரியில் முடிவு செய்தோம். எங்களோடு பாலிடெக்னிக்கில் படித்து இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சென்னப்பன் மூன்றாவது ஆள். அவன் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், எல்லோரையும் குரு என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குச் சொந்த வண்டி இருந்தது. மாதேஷிடம் இருப்பது பதினான்கு வருடத்துப் பழைய வண்டி, மலை ஏறாது. எனவே அப்பாவின் புல்லட்டில் நானும் மாதேஷும் மாறி மாறி ஓட்டுவது என்று பேசிக்கொண்டோம். அப்பாவிடம் சென்னப்பனோடு வடக்கே போவதாக மட்டும் சொன்னேன். அவரே சாவியைக் கொடுத்து, பிரேக்கைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னார். மாதேஷ் வருவதை நான் சொல்லவில்லை. சொன்னால் சாவி கிடைக்காது.

அதன் பிறகு, வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் எல்லையில் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள் என்று தெரியவந்தது. எங்கள் மூவரில் மாதேஷுக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் அவன் பாலக்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கடிதத்தை டைப் செய்தான். அந்தக் கடை பில்லில் அவன் போன் நம்பர் இருப்பதற்குக் காரணம் அதுதான். முனிராஜ் ஆகிய நான், என் மகன் வீரமணியும் அவனுடைய நண்பன் மாதேஷும் என் வண்டியை ஓட்டிச் செல்ல முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவரும்படி அதை என்னிடம் கொடுத்தான். நான் மாட்டுக் கொட்டகையில் வைத்து அப்பா பெயரைத் தமிழில் எழுதி, மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதேஷ் ரொம்ப நேரம் தாளைப் பார்த்தான்.

"எம் பேர் இருக்குதுன்னு தெரிஞ்சுமா போட்டாரு?" என்று கேட்டான்.

தெரிந்துதான் போட்டார் என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்றான். இல்லை என்றேன். அவன் அந்தக் கடிதத்தைத் தன் தேர்வு ஆணை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலேயே வைத்துக்கொண்டான். அவன் பெயரும் என் அப்பா பெயரும் ஒரே தாளில் அதற்கு முன்பு வந்ததில்லை.

மார்ச் 1ஆம் தேதி கிளம்பி, ஆந்திரா, ஒரிசா, வங்காளம் வழியாக ஏழாம் நாள் சிலிகுரி போய், மறுநாள் மிரிக் வழியாக மலை ஏறி, பசுபதிநகர் என்ற எல்லை ஊரை அடைந்தோம். நல்ல குளிர், பனிமூட்டம். அங்கே சுங்க அலுவலகத்தில் இருந்த அம்மா கடிதத்தை வாங்கி, அதில் யார் மாதேஷ் என்று கேட்க, மாதேஷ் கைதூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. அந்த அம்மா சிரித்துவிட்டு முத்திரை குத்தி, வண்டிக்கு நான்கு நாள் அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். வெளிநாட்டுக்குள் முதலில் மாதேஷ்தான் ஓட்ட வேண்டும் என்று சென்னப்பன் சொன்னதால் மாதேஷ் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு இலாம் போகும் வழியில், தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு சின்ன ஊர் வந்தது. பெயர் எனக்குத் தெரியாது. பாதை நடுவிலேயே சிவப்புத் துணி கட்டிய கோயில், முன்னால் மணிகள், பக்கத்துக் கல்மேடையில் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மாதேஷ் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, தலைகுனிந்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் மூலையிலிருந்து தண்ணீர் டேங்க் வரை, காலனிக்காரர்கள் வண்டியில் உட்கார்ந்து போகக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. இருநூறு அடி இருக்கும். காலனிக்கு வேறு ரோடு இல்லை. மாதேஷ் அப்படித் தள்ளிக்கொண்டு போவதை நான் அவனுக்குச் சைக்கிள் வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். பல நாள் பேசிக்கொண்டே பக்கத்தில் என் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நேபாளத்தில் அந்தக் கோயில் முன்னால் அவன் தள்ளியபோது நான் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஏற்றமான பாதை. பத்துப் பன்னிரண்டு அடி என்னையும் சேர்த்துத் தள்ளினான். அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன்.

முன்னால் போன சென்னப்பன் திரும்பி வந்து, "என்ன குரு, பெட்ரோல் காலியா?" என்று கேட்டான். மாதேஷ் தள்ளுவதை நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்த்தால், எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்ததுபோல இருந்தது. சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரும் பெட்ரோல் இல்லை என்று நினைத்து, வீட்டுக்குள் போய் ஒரு பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல மாதேஷுக்கு வாய் வரவில்லை. பெரியவரே மூடியைத் திறந்து ஊற்றினார். மிரிக்கில்தான் நிரப்பியிருந்தோம் என்பதால் அது வழிந்து கீழே ஓடியது. பெரியவர் டேங்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சென்னப்பனுக்குக் கொஞ்சம் இந்தி வரும். பிறகு எதற்கு இறங்கினீர்கள் என்று அவர் கேட்பதாகச் சொன்னான். மாதேஷ் கோயிலைக் கைகாட்டினான். பக்தி என்று அவர் எடுத்துக்கொண்டார். சந்தோஷப்பட்டு, அவனைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய் மணியடிக்கச் சொல்லி, நெற்றியில் குங்குமம் கலந்த அரிசியை வைத்து அனுப்பினார்.

அதன் பிறகு கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மாதேஷ் நெற்றியில் இருந்த அரிசியைத் துடைக்கவில்லை. சென்னப்பன் போட்டோ எடுத்து, இனி இவன் தீர்த்தமலைக் கோயில் பூசாரி என்று கிண்டல் செய்தான். மாதேஷும் சிரித்தான். சென்னப்பன் அந்தப் பக்கம் போனதும் என்னிடம், "ஒக்காந்துக்கினே வர்ற பாரு. நீயும் இறங்கணும்னு தோணல உனுக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கையுறை இல்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, குளிருக்கு என்று அவனுடைய கையுறையைக் கழற்றி எனக்குக் கொடுத்தான். அதன் பிறகு சொன்னான்:

"நம்மூர்லயும் இனிமே எறங்க வேணாம்டா. உங்கப்பாவே எழுதிக் குடுத்துட்டாரில்ல."

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்று மட்டும் சொன்னேன். அந்த நான்கு நாளும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். மலைப்பாதையில் அவன் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான். அதற்கு முன்பு அவன் பாடி நான் கேட்டதில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது யோசித்தால், அவனுக்காகச் சொல்லாமல் இருந்ததைவிட, என்னைப் பற்றி அவன் நினைத்திருந்தது கெட்டுவிடக்கூடாது என்று சொல்லாமல் இருந்ததுதான் அதிகம்.

20ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு ஊர் திரும்பினோம். கிருஷ்ணகிரியில் சென்னப்பன் ஓசூருக்குப் பிரிந்துவிட்டான். அங்கிருந்து மாதேஷ்தான் ஓட்டினான். கோயில் மூலை வந்ததும் கியரைக் குறைத்தான், ஆனால் நிறுத்தவில்லை. நான் பின்னால் இருந்து அவன் தோளைத் தொட்டிருந்தால் போதும், நிறுத்தியிருப்பான். தொடவில்லை. டேங்க் வரை அவன் ஓட்ட நான் உட்கார்ந்து வந்தேன். வாசல்களில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பயமாக இருந்தது. ஆனால் அந்த இருநூறு அடியும் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், ஏட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டு வாசலில் அப்பா கிரேட்டில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மாதேஷ் எப்போதும் அவரைக் கவுண்டரே என்றுதான் கூப்பிடுவான். சென்னப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா என்று கூப்பிடுவான். அன்று மாதேஷும் அப்படிக் கூப்பிட்டான். இலாமில் வாங்கிய தேயிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டி, "அப்பா, நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்ததாலதான் பார்டர்ல வுட்டாங்க. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் வூட்டுக்கே வந்தேனுங்க" என்றான்.

அப்பா பொட்டலத்தை வாங்கவில்லை. எந்தக் கையெழுத்து என்று கேட்டார். மாதேஷ் கவரிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினான். அதற்குள் என் சித்தப்பா கருப்பண்ணனும் இன்னும் ஐந்தாறு பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அப்பா கடிதத்தின் அடியில் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு வந்திருந்தவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு மாதேஷிடம், "எவன்டா எம் பேரப் போட்டது, நீயா?" என்று கேட்டார்.

மாதேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தக்காளியைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சித்தப்பா அவனை இரண்டு அறை அறைந்தார். தேயிலை வாசலில் கொட்டியது. அதன் பிறகு அவனை இழுத்துக்கொண்டு போய் இந்த நிலையத்தில் ஒப்படைத்தார்கள். என்னை உள்ளே தள்ளி, போனை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே காரில் அரூரில் உள்ள அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே பூட்டுப் போடவில்லை. நானாகவே இரண்டு நாள் அங்கே இருந்தேன். அது என்னுடைய தவறு. இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்தேன்.

மாதேஷிடம் மூன்று நாளாகக் கையெழுத்து யார் போட்டது என்று விசாரித்ததாகவும், தெரியாது என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றும் உதவி ஆய்வாளர் சொன்னார். என் பெயரைச் சொல்லியிருந்தால் முதல் நாளே அவன் வீட்டுக்குப் போயிருப்பான்.

வாக்குமூலம் எழுதுவதற்கு முன்பு, இதை ராஜியாக முடித்துக்கொள்ளலாமே, எழுதினால் உன் மேல்தான் வழக்கு வரும் என்று உதவி ஆய்வாளர் என் நன்மைக்காகக் கேட்டார். ராஜி என்றால் எங்கள் ஊரில் கோயில் முன்னால் மாதேஷும் அவன் அப்பாவும் விழுந்து கும்பிடுவார்கள், என் வீட்டார் நின்றுகொண்டிருப்பார்கள். எனவே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

கையெழுத்தைச் சோதிக்க ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து அப்பா பெயரை ஐந்து முறை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதைக் கடிதத்தோடும், புகாரில் அப்பா போட்டிருக்கும் கையெழுத்தோடும் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று ஏட்டு கேட்டார். என் அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, சர்க்கரை ஆலையில் கரும்பு பதிவு செய்யக் கைநாட்டு வைப்பதற்குக் கூச்சப்பட்டு, தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுக்கும்படி என்னைக் கேட்டார். ஒரு மாதம் என் சிலேட்டில் எழுதிப் பழகினார். அப்போது நான் ஜ எழுதினால் கடைசிச் சுழியை உள்பக்கமாக மடித்துவிடுவேன். பிறகு டீச்சர் திருத்தியதால் நான் மாற்றிக்கொண்டேன். அப்பா மாற்றவில்லை. கடிதத்தில் நானும் பழையபடியே மடித்துப் போட்டேன். அப்படி எழுதுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் அன்று வாசலில் கடிதத்தைப் பார்த்த உடனே, போட்டது யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மாதேஷைக் கேட்டார்.

அப்பா இப்போது வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது, காலையில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அவர் மேல் பொய்ப் புகார் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாதேஷை இன்றே விட வேண்டும், அவனுடைய விசாரணைத் தாளில் வழக்கு எதுவும் இல்லை என்று எழுத வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு நான் கட்டுப்படுகிறேன்.

ஏட்டு எழுதிய நான்கு பக்கங்களையும் அவர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்று உறுதி கூறி, இந்தத் தாளில் என் சொந்தப் பெயரை எழுதுகிறேன்.

(ஒப்பம்)
மு. வீரமணி